வெள்ளிக்கிழமை வயிற்றுவலி

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



வைத்தியர் என்ற முறையில் ஏதாவது பேசும்படி சங்கத்தினர் கேட்டபோது, நீரிழிவைப் பற்றியோ மார்புப் புற்றுநோயைப் பற்றியோ சொல்வேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அவை முக்கியமானவைதான். ஆனால் நான் அன்றாடம் பார்ப்பது பிள்ளைகளை. அவர்களிடம் காணும் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். தாயும் தகப்பனும் பிரிந்த பிறகு பிள்ளை யாரிடம் இருப்பது, மற்றவரை எப்போது, எப்படிக் காண்பது என்பதே விடயம். இதைச் சொன்னதும் ஓர் அக்கா, "விழா நாளில் இது வேணுமா பிள்ளை?" என்று போனில் கேட்டார். அவர் இப்போது முன் வரிசையில் இருக்கிறார். வேறு எந்த நாளில் நாங்கள் இத்தனை பேர் ஒரே மண்டபத்தில் இருக்கப் போகிறோம் அக்கா?

ஒரு பையனிலிருந்து தொடங்குகிறேன். உண்மையில் அவன் ஒருவனல்லன். பல பிள்ளைகளைச் சேர்த்து ஒருவனாக்கியிருக்கிறேன். ஊரில் யாரும் யாரையும் தேட வேண்டாம். எட்டு வயது. தொப்புளைச் சுற்றி வயிற்றுவலி. அம்மாவும் அம்மம்மாவும் கூட்டி வருகிறார்கள். பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, சிறுநீர் பார்த்தாயிற்று, ஸ்கேன் எடுத்தாயிற்று. நிறை குறையவில்லை, காய்ச்சல் இல்லை, இரவில் வலி அவனை எழுப்புவதில்லை. அப்படிப்பட்ட வலியில் நான் கேட்கும் கேள்வி, எந்த நாளில் வருகிறது என்பது. பள்ளிக்கூட நாளில் வருகிறதென்றால் பள்ளிக்கூடத்தில் ஏதோ இருக்கிறது. இவனுக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் வருகிறது. சனிக்கிழமை காலையில் அப்பா வந்து கூட்டிப் போகிற நாள்.

அம்மம்மா உடனே சொன்னார்: "பாத்தியளோ டொக்டர், தகப்பனை நினைச்சாலே பிள்ளைக்கு வருத்தம்." நான் பையனைத் தனியே வைத்துப் பேசினேன். அவனுக்கு அப்பாவில் பயமில்லை. அப்பாவோடு கடலுக்குப் போகப் பிடிக்கும். ஆனால் அப்பாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் அம்மா குசினிக்குள் போய்விடுவா. திரும்பி வந்ததும் அம்மம்மா கேட்பா: அங்கே யார் சமைச்சது? வேறு யாரும் இருந்தவையோ? காசு ஏதும் தந்தாரோ? அப்பாவோ போகும் வழியில் கேட்பார்: வீட்டுக்கு யாரும் வந்து போகினமோ? எட்டு வயதுப் பிள்ளை இரு பக்கமும் தூது போகிறான். எதைச் சொன்னால் யார் அழுவார்கள் என்று வெள்ளிக்கிழமையே கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறான்.

இது நடிப்பு அல்ல. குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓயாமல் நரம்புச் செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது. மனம் நெருக்கப்படும்போது குடலின் அசைவு மாறுகிறது, சாதாரண அசைவுகூட வலியாக உணரப்படுகிறது. வலி உண்மையானது, ஸ்கேனில் தெரியாது, அவ்வளவுதான். சில பிள்ளைகளுக்கு அது தலையிடியாக வரும். நின்றுபோன படுக்கை நனைத்தல் சிலருக்குத் திரும்ப வரும். இதற்கு மருந்துச் சிட்டை எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

இனி எங்கள் ஊர் வழக்கத்தைப் பார்ப்போம். கிழக்குக் கரையில் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் வீடு பெரும்பாலும் பெண்ணுக்கே சீதனமாகக் கொடுக்கப்படுகிறது. மாப்பிள்ளைதான் வந்து சேருகிறவர். பெண்ணுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. அதை நான் குறை சொல்ல வரவில்லை. உறவு முறிந்தால் அவளும் பிள்ளைகளும் தெருவுக்கு வருவதில்லை. தகப்பன்தான் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு தன் தாய் வீட்டுக்கோ தங்கை வீட்டுக்கோ போகிறார். அன்றிலிருந்து, எந்த நீதிமன்றமும் எதுவும் சொல்லாமலே, பிள்ளை தாயிடம் என்று முடிவாகிவிடுகிறது. தங்கையின் குடும்பம் இருக்கும் வீட்டில் அவருக்கே படுக்க மண்டபத்துப் பாய்தான். பிள்ளையை எங்கே கூட்டிப் போவது? உப்புவெளிக் கடற்கரைக்கு, கோணேசர் கோவிலடிக்கு, மான் பார்க்க, ஐஸ்கிறீம் கடைக்கு. மாலை 5 மணிக்குத் திருப்பிக் கொண்டுவந்து படலையில் விடுகிறார்.

இதை நான் ஐஸ்கிறீம் தகப்பன் வேலை என்று சொல்வதுண்டு. பெருக்கல் வாய்பாடு பாடமாக்குவது, நகம் வெட்டுவது, காய்ச்சலுக்கு ஒத்தணம் போடுவது, ஏச்சுப் பேச்சு எல்லாம் தாயின் பங்கு. விளையாட்டும் இனிப்பும் தகப்பனின் பங்கு. தாய்க்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? ஆனால் அந்த ஏற்பாட்டைச் செய்ததில் எங்கள் பக்கத்துக்கும் பங்குண்டு. பிள்ளையோடு வீட்டுப்பாடக் கொப்பியையும் அனுப்புங்கள் என்று நான் சொன்னால், "அந்தாளுக்கு என்ன தெரியும்?" என்கிறார்கள். அனுப்பாமல் எப்படித் தெரிய வரும்?

தாய் வெளிநாட்டில் வேலைக்குப் போன வீடுகளில் இது இன்னும் வினோதமாக இருக்கும். பிள்ளை அம்மம்மாவிடம். இரண்டு தெரு தள்ளித் தகப்பன். அவருக்குப் பிள்ளையைக் காட்டுவதில்லை. 2013 முதல் வெளிநாடு போகும் பெண்களிடம், பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று கேட்டுக் குடும்பப் பின்னணி அறிக்கை வாங்கினார்கள். வெளிநாடு போகும் தகப்பன்மாரிடம் அப்படி ஓர் அறிக்கை கேட்கவில்லை. பிள்ளை வளர்ப்புத் தகப்பனின் வேலையல்ல என்று அரசாங்கமே நினைத்தால், தகப்பன்மாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

சட்டத்துக்கு வருகிறேன். சட்டத்தரணிகளான பழைய மாணவியரும் இங்கே இருக்கிறார்கள். பிழை விட்டால் தேநீர் நேரத்தில் திருத்துங்கள். பிரட்றிக் கோட்டையை 1639 இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள், 1795 இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள் என்று சமூகக்கல்வியில் படித்தோம். ஒல்லாந்தர் போனாலும் அவர்கள் கொண்டுவந்த உரோம-டச்சுச் சட்டம் போகவில்லை. 1799 இல் ஆங்கிலேயர் ஒரு பிரகடனத்தின் மூலம் பழைய சட்டங்கள் தொடரும் என்றார்கள். பிள்ளையின் கட்டுக்காப்புப் பற்றிய எங்கள் பொதுச் சட்டத்தின் அடி அங்கேதான் இருக்கிறது. அந்தச் சட்டத்தில், திருமணம் முறியாத வரை பிள்ளையை வைத்திருக்கும் முதல் உரிமை தகப்பனுக்கு. பிள்ளையின் உயிருக்கோ சுகத்துக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்து என்று காட்டினால்தான் அது அசையும். 1956 இல் வந்த இவால்டி வழக்குத் தீர்ப்பு அந்த வரிசையில் உள்ளது. பின்னர் நீதிமன்றங்கள் மெல்ல மெல்லப் பிள்ளையின் நலனை முன்னுக்குக் கொண்டுவந்தன. 1991 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை இன்னொரு படி மேலே போகிறது. பெற்றோரில் ஒருவரைப் பிரிந்திருக்கும் பிள்ளைக்கு, தன் நலனுக்குக் கேடில்லாத வரை, இருவரோடும் ஒழுங்காக உறவு வைத்திருக்க உரிமை உண்டு என்கிறது. உரிமை பிள்ளைக்கு என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள்.

விவாகரத்து வழக்கின் அமைப்போ இதற்கு நேர்மாறானது. எங்கள் பொதுச் சட்டத்தில் 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றை ஒருவர் மற்றவர்மேல் நிரூபிக்க வேண்டும்: பிறரோடு உறவு, அல்லது தீய நோக்கத்தோடு கைவிட்டுப் போனது, அல்லது திருமண வேளையிலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைவு. இருவரும் சேர்ந்து "ஒத்துவரவில்லை, பிரிகிறோம்" என்று போய் நிற்க முடியாது. ஒருவர் குற்றவாளியாக வேண்டும். அப்போது பிள்ளையும் ஒரு சான்றுப் பொருளாகிறது. "பிள்ளையைக் காட்டினால் கேஸ் பலவீனமாகிவிடும்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள் என்று என்னிடம் எத்தனை தாய்மார் சொல்லியிருக்கிறார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. பிள்ளை அதற்குள் இரண்டு வகுப்பு ஏறிவிடுகிறது.

எங்களுக்குச் சட்டம் தந்த ஒல்லாந்தர் இப்போது என்ன செய்கிறார்கள் தெரியுமா? அவர்கள் அந்தப் பழைய சட்டத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கைவிட்டார்கள். 1998 முதல் அங்கே விவாகரத்துக்குப் பிறகும் இருவரின் பெற்றோர் பொறுப்பும் தானாகவே தொடர்கிறது. 2009 முதல், பிள்ளையுள்ள தம்பதியர் விவாகரத்துக் கேட்கும்போதே ஒரு வளர்ப்புத் திட்டத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளை எந்த நாள் எங்கே, செலவை எப்படிப் பிரிப்பது, பள்ளிக்கூடம், சுகவீனம் முதலியவற்றை ஒருவருக்கொருவர் எப்படித் தெரிவிப்பது என்று அதில் இருக்க வேண்டும். எங்களைப் போலவே உரோம-டச்சுச் சட்டத்தை வைத்திருக்கும் தென்னாபிரிக்காவும் 2005ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தில் கட்டுக்காப்பு என்ற சொல்லை விட்டுப் பராமரிப்பு, தொடர்பு என்று எழுதியது. கனடாவிலிருந்து வந்திருக்கும் தோழிகளுக்குத் தெரிந்திருக்கும், அங்கே 2021 மார்ச் 1 முதல் விவாகரத்துச் சட்டத்தில் கட்டுக்காப்பு இல்லை. தீர்மானிக்கும் பொறுப்பு, பெற்றோர் நேரம் என்றுதான் பேசுகிறார்கள். சொல்லை மாற்றினால் சண்டை ஓயும் என்று நான் நம்பவில்லை. ஆனால் "பிள்ளை யாருக்கு?" என்று கேட்டால் ஒருவர் தோற்க வேண்டும். "செவ்வாய்க்கிழமை பின்னேரம் யார் ரியூசனுக்குக் கூட்டிப் போவது?" என்று கேட்டால் அதற்கு ஒரு பதில் கிடைக்கும்.

1973 இல் அமெரிக்காவில் கோல்ட்ஸ்டீன் என்ற சட்டப் பேராசிரியரும், அன்னா பிராய்டும், சொல்னிட் என்ற மனநல வைத்தியரும் சேர்ந்து பிள்ளையின் நலன் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். அதில் இரண்டு விடயங்கள் உண்டு. ஒன்று, பிள்ளைக்குக் காலம் வேறு மாதிரி ஓடுகிறது. பெரியவருக்கு ஒரு மாதம் என்பது சிறு பிள்ளைக்கு முடிவில்லாத காலம். இது முழுக்கச் சரி. மற்றது, யாரிடம் பிள்ளை இருக்கிறதோ அவரே மற்றவர் வந்து பார்ப்பதா இல்லையா என்று தீர்மானிக்கலாம் என்றது. இதைப் பலர் அப்போதே மறுத்தார்கள். நானும் ஏற்கவில்லை. ஏன் என்பதற்கு இந்தப் பாடசாலையிலேயே ஒரு காரணம் உண்டு.

எங்கள் வகுப்பில் ஒரு தோழி இருந்தாள். அம்மா திருகோணமலையில், அப்பா மூதூரில். பிரிந்தவர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் பேசமாட்டோம். அப்போது இன்றைக்கு இருக்கிற பாலங்கள் இல்லை. மூதூருக்கு லோஞ்ச்தான். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அவள் அப்பா லோஞ்சில் வந்து இறங்குவார். பிறகு நாட்டு நிலைமையால் லோஞ்ச் ஓடாத வாரங்கள் வந்தன. வராதது அவர் குற்றமில்லை. ஆனால் அதை அவளுக்கு ஒருவரும் விளக்கவில்லை. "அவருக்கு உன்னில் அக்கறை இருந்தால் வந்திருப்பார்" என்று வீட்டில் சொன்னார்களாம். அவள் இறங்குதுறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். பிறகு போவதை நிறுத்தினாள். லோஞ்ச் திரும்ப ஓடத் தொடங்கி அவர் வந்தபோது, அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. "பிள்ளைக்கே விருப்பமில்லை" என்று சொல்லி அனுப்பினார்கள். நாங்கள் எல்லோரும் அதை நம்பினோம்.

இனி என் கதை. இதைச் சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொல்வது நேர்மையல்ல. என் மகளும் இரண்டு வீட்டில்தான் வளர்கிறாள். பிரிந்த முதல் வருடம், அவளுக்கு ஏழு வயது. தகப்பன் வருகிற சனிக்கிழமைகளில் அவளுக்குச் சற்றே இருமல் இருந்தால், "சுகமில்லை, இந்த வாரம் வேண்டாம்" என்று செய்தி அனுப்பிவிடுவேன். வைத்தியர் சொன்னால் யார் மறுப்பது? மூன்று வாரம் அப்படிப் போயிற்று. என் கோபத்துக்கு என்னிடம் நல்ல காரணங்கள் இருந்தன, அவை இங்கே வேண்டாம். நாலாவது வாரம் வெள்ளிக்கிழமை இரவு மகள் இருமத் தொடங்கினாள். நெஞ்சை வைத்துப் பார்த்தேன், தெளிவாக இருந்தது. மூக்கு ஒழுகவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பார்த்து இருமினாள். அவளுக்குப் போக விருப்பமில்லாமல் அல்ல. நான் போகவிட விரும்பவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, எனக்கு உதவி செய்தாள். எத்தனையோ தாய்மாரிடம் எந்த நாளில் வலி வருகிறது என்று கேட்ட எனக்கு, என் வீட்டு வெள்ளிக்கிழமை தெரியவில்லை.

அடுத்த நாள் அனுப்பினேன். பிறகு இருவருமாக ஒரு கொப்பித் தாளில் எழுதினோம். எந்தச் சட்டத்தரணியும் இல்லை. எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே ஒப்படைப்பது. படலையில் வேண்டாம், பள்ளிக்கூட வாசலில் என்று வைத்தோம். அவர் வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் அங்கிருந்தே கூட்டிப் போவார். பிள்ளை எங்கள் இரண்டு முகத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியதில்லை. இரவு தங்க அங்கே அவளுக்கென்று ஒரு பாயும் தலையணையும். வீட்டுப்பாடம் அங்கேயும் நடக்கும். தைப்பொங்கல் ஒரு பக்கம் என்றால் தீபாவளி மறுபக்கம், அடுத்த வருடம் மாற்றி. காய்ச்சல் என்றால் நாளை மாற்றுவதில்லை, மருந்தை அனுப்புவது. பிள்ளை மூலம் செய்தி சொல்வதில்லை, வட்ஸ்அப்பில் நேரே. பார்த்தால் மிகச் சாதாரணம். அதை எழுதி முடிக்க எங்களுக்கு நாலு மாதம் எடுத்தது.

வைத்தியராக இரண்டு விடயம் சேர்ப்பேன். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இன்ஹேலரும் ஸ்பேசரும் இரண்டு வீட்டிலும் இருக்க வேண்டும். "அது அம்மா வீட்டில்" என்று சொல்லிக்கொண்டு இரவில் மூச்சிழுத்தபடி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை சுகாதார விருத்திப் பதிவேடு ஒன்றுதான் தருவார்கள். அதன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து மற்றவருக்கும் அனுப்பி வையுங்கள். ஊசி போட்டது, மருந்து ஒத்துக்கொள்ளாதது எல்லாம் அதில் இருக்கிறது.

காசைப் பற்றி. "செலவுக்குத் தரட்டும், பிள்ளையைக் காட்டுகிறேன்" என்பதும், "காட்டட்டும், தருகிறேன்" என்பதும் எங்கள் ஊரில் ஒரே அளவு கேட்கிறேன். இரண்டும் பிழை. 1999ஆம் ஆண்டு 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பிள்ளைக்கான செலவைக் கேட்கலாம். கட்டளையிட்ட பிறகு தராவிட்டால் சம்பளத்திலிருந்து பிடிக்கவும் சிறையில் போடவும் வழியுண்டு. முஸ்லிம் குடும்பங்களில் பராமரிப்புக் காதி நீதிமன்றத்துக்குப் போகும். அது தனி வழக்கு. பிள்ளை அதற்கு ஈடு வைக்கும் நகை அல்ல. சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

வெளிநாட்டிலிருக்கும் தங்கைமாருக்கு ஒரு சொல். மனம் வெறுத்துப் போய்ப் பிள்ளையை ஓகஸ்ட் விடுமுறைக்கு இங்கே கூட்டி வந்து, அம்மா வீட்டிலேயே வைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. பிள்ளைக் கடத்தல் பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் சமவாயத்தில் இலங்கையும் சேர்ந்திருக்கிறது. அதற்கான எங்கள் சட்டம் 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கம். 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைச் சமவாயப்படி திருப்பிக் கேட்டால், யார் நல்ல பெற்றோர் என்று இங்குள்ள நீதிமன்றம் ஆராயாது. வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கு அனுப்புவதா என்றுதான் பார்க்கும். வருவதற்கு முன் அந்த நாட்டிலேயே ஆலோசனை கேளுங்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, அடிக்கிறவனிடமும் பிள்ளையை அனுப்பச் சொல்கிறாவா என்று யாரும் நினைக்க வேண்டாம். இல்லவே இல்லை. தாயை அடிப்பதைக் கண்ட பிள்ளையும் அடிபட்ட பிள்ளைதான். 2005ஆம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அரச வைத்தியசாலைகளில் நட்பு நிலையம் இருக்கிறது, சிங்களத்தில் மித்துரு பியச என்பார்கள். வேறு ஏதாவது வருத்தம் என்று சொல்லிக்கொண்டாவது வாருங்கள். சிறுவருக்கு 1929, பெண்களுக்கு 1938, இரண்டும் தொலைபேசி இலக்கங்கள். பிள்ளை தொடப்பட்டதாகச் சந்தேகம் இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். வழக்கு வெல்வதற்காக மட்டும் அதைச் சொல்லாதீர்கள். பொய்யாகச் சொன்னாலும் பரிசோதிக்கப்படுவது பிள்ளையின் உடல்தான்.

கடைசியாக அம்மம்மாமாரிடம். யாழ்ப்பாணத்துத் தேசவழமையை 1707 இல் ஓர் ஒல்லாந்த அதிகாரி தொகுத்தபோது, தாய் இறந்து தகப்பன் மறுமணம் செய்தால் பிள்ளைகளை அம்மம்மா எடுத்து வளர்ப்பது வழக்கம் என்று எழுதினார். உங்கள் கை இல்லாமல் இந்தப் பிள்ளைகள் வளர்ந்திருக்காது. நானும் வேலைக்குப் போக முடிவது என் அம்மா வீட்டில் இருப்பதால்தான். அவவிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை பிள்ளை திரும்பி வந்ததும் ஒரு கேள்வியும் கேட்காமல் தேத்தண்ணி குடுங்கோ அம்மா. முதல் இரண்டு வாரம் அவவுக்கு நா துடித்தது. மூன்றாவது வாரம் மகளே சொன்னாள், அங்கே அப்பம்மா புட்டு அவித்ததையும், அப்பா பெருக்கல் வாய்பாட்டில் பிழை விட்டதையும். அம்மா சிரித்துவிட்டா.

அந்தக் கொப்பித் தாளை, எங்கள் பெயர்களை எடுத்துவிட்டு, 50 பிரதி எடுத்து வந்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் பழைய உயிரியல் ஆய்வுகூடத்தில் இருப்பேன். தமக்கென்று கேட்க வெட்கமானவர்கள் மச்சாளுக்கு என்று சொல்லி வாங்கலாம், நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.